சின்னத்தின் பெயர்: மாவு

ஒரு மனிதனைச் சிறைவாசல்வரை நடத்திச் செல்ல ஒரு வகர மெய் போதும் என்பது 2008ஆம் ஆண்டு ஆவணி மாதம்வரை பொன்னுராஜுக்குத் தெரியாது. இலக்கணம் அவருக்குப் பத்தாம் வகுப்போடு முடிந்துபோன சங்கதி. அதன்பின் அவர் கற்றவை எல்லாம் இரும்பின் குணங்கள்: எந்தச் சூட்டில் வளையும், எந்தச் சூட்டில் முறுக்கிக்கொள்ளும், எந்த மூட்டு எத்தனை நாளில் காலை வாரும் என்பவை.

கம்பம் பள்ளத்தாக்கில், உத்தமபாளையத்துக்கும் கம்பத்துக்கும் நடுவில் ஒரு பேரூராட்சி. பெயர் வேண்டாம், சொன்னால், பெயர் வெளியான விதத்தை விசாரிக்க ஒரு குழு அமைத்துவிடுவார்கள். அவ்வூர்ப் பேருந்து நிலையத்துக்கு எதிரே, திராட்சைத் தோட்டங்களுக்குப் பந்தல் கம்பியும் வீடுகளுக்குக் கேட்டும் கிரில்லும் செய்துகொடுக்கும் பட்டறை பொன்னுராஜுடையது. வயது நாற்பத்து மூன்று. ஞாயிறுதோறும் மனைவி எப்சிபாவுடன் சர்ச்சுக்குப் போவார். பிரசங்கம் நீண்டால்கூட வாயைத் திறந்து கொட்டாவி விடாத அளவுக்கு அடக்கமானவர்.

அதற்கு முன் ஒன்பது ஆண்டுகள் அவர் சார்ஜாவில், ஒரு சிற்பியின் பட்டறையில் வெல்டராக இருந்தார். அந்தச் சிற்பி கல்லைத் தொடுவதில்லை, களிமண்ணைத் தொடுவதில்லை. நாணல் பேனாவால் தாளில் அரபிச் சொல் ஒன்றை எழுதுவார். பிறகு அந்தக் கோட்டுக்கு உடம்பு கொடுப்பார். எவர்சில்வர்க் குழாயில் ஓர் ஆள் உயரம், இரண்டு ஆள் உயரம் என்று எழுத்துகள் எழுந்து நிற்கும். பேனா முனையை ஒருமுறை அழுத்தினால் தாளில் விழும் புள்ளியே அளவுகோல். அலிஃப் என்னும் நெட்டெழுத்தின் உயரம் ஏழு புள்ளி. ஒரு புள்ளி குறைந்தாலும் எழுத்து கூனிப்போகும் என்பார் சிற்பி. பொன்னுராஜுக்கு அரபி பேச வராது. ஆனால் முப்பது, நாற்பது சொற்கள் தெரியும். அவர் அவற்றை வாசித்து அறிந்தவர் அல்லர், வளைத்து அறிந்தவர்.

பேருந்து நிலையத்தின் நடுவே, திறப்பு விழா அன்று மட்டும் நீர் பீய்ச்சிய ஒரு நீரூற்றுத் தொட்டி இருந்தது. அதற்குள் நீர்ச்சிக்கனத்தை வலியுறுத்தும் சின்னம் ஒன்று நிறுவ வேண்டும் என்று பேரூராட்சி முடிவு செய்தது. நீர் இல்லாத தொட்டியைவிடச் சிக்கனத்தை வலியுறுத்தும் சின்னம் வேறு இல்லை என்பது எவருக்கும் தோன்றவில்லை. வேலை பொன்னுராஜிடம் வந்தது. அவர் முதலில் தமிழில்தான் முயன்றார். தமிழ் எழுத்துகள் தனித்தனியே விலகி நின்றன. ஒவ்வொன்றுக்கும் தனி அடித்தளம் கேட்டன. அரபி எழுத்துகளோ ஒன்றன் கையை ஒன்று பிடித்துக்கொண்டு நிற்பவை; பாரத்தைப் பகிர்ந்துகொள்பவை. எனவே நீருக்கான அரபிச் சொல்லைச் செய்தார். வலப்பக்கம் தேங்கிய குளம்போல் ஒரு வட்டம். அதிலிருந்து வழுவிச் சென்று சட்டென ஏழு புள்ளி உயரத்துக்கு எழும் ஒரு தண்டு. தண்டின் இடப்பக்கம், தெறித்த துளிபோல் ஒரு சிறு கொக்கி. மூன்று வாரம் மெருகு போட்டார். காலை வெயில் மேற்குத் தொடர்ச்சி மலையில் பட்டுத் திரும்பி அந்தத் தண்டில் இறங்கும்போது, காய்ந்த தொட்டிக்குள் நீர் ஏறிக்கொண்டிருப்பது போலவே இருந்தது. பொன்னுராஜ் அதைப் பத்து நாள் மகிழ்ச்சியோடு பார்த்தார். அவர் வாழ்வில் அச்சம் கலவாத கடைசிப் பத்து நாள் அவை.

நிறுவுவதற்கு முன் ஒரு படிவம் நிரப்ப வேண்டியிருந்தது. ‘சின்னத்தின் பெயர்’ என்னும் கட்டத்தில் அவர் ‘மாஉ’ என்று எழுதினார். சிற்பி அந்தச் சொல்லைச் சொல்லும்போது இறுதியில் தொண்டையில் ஒரு சிறு விக்கல் நிற்கும். அதைத் தமிழில் எழுத அவருக்கு வேறு வழி தெரியவில்லை.

படிவத்தை வாங்கிய எழுத்தர் பிச்சைமணி, புலவர் பட்டயம் பெற்றவர். ஒற்றுப் பிழையுள்ள மனுக்களைத் திருப்பி அனுப்புவதே மக்கள் பணி என்று கருதுபவர்.

“என்னய்யா இது, மாஉ?”

“பேருங்க சார்.”

“தமிழ்ல ரெண்டு உயிர் பக்கத்துல பக்கத்துல நிக்காதுய்யா. ஆகாரத்துக்குப் பின்னாடி உகரம் வந்தா நடுவுல வகர உடம்படுமெய் வரணும். வந்தே தீரணும்.”

“அது அரபி சார்.”

“படிவம் தமிழ்ல இருக்குல்ல?”

பிச்சைமணி சிவப்பு மையால் ஒரு வகரத்தை இட்டார். ‘மாஉ’ என்பது ‘மாவு’ ஆயிற்று. இலக்கணப்படி அதில் ஒரு பிழையும் இல்லை. பின்னர் நடந்தவற்றிலும் இலக்கணப் பிழை எங்கும் இல்லை என்பதை இங்கேயே சொல்லிவிட வேண்டும்.

அந்த ஆண்டு, மலையில் மாவோயிஸ்டுகள் நடமாடுகிறார்கள் என்று பேச்சு. விறகுக்குப் போனவர்கள்கூட அடையாள அட்டையோடு போனார்கள். பொதுவிடத்தில் புதிதாக முளைக்கும் கொடிக்கம்பம், பலகை, சிலை எதுவாயினும் மாலைக்குள் கம்பியில்லாக் கருவியில் மேலிடத்துக்குச் சொல்ல வேண்டும் என்பது காவல்துறை உத்தரவு. சின்னம் நிறுவிய பதினோராம் நாள் காவலர் கருத்தக்கண்ணனுக்கு அது நினைவுக்கு வந்தது. கருவியை எடுத்துத் தெளிவாகச் சொன்னார்: “பஸ் ஸ்டாண்டுல புதுசா ஒரு செல. செலை பேரு மாவு, ஓவர்.”

கதவு என்பதோடு அடைப்பு சேர்ந்தால் இடையிலுள்ள உகரம் கெட்டுக் ‘கதவடைப்பு’ ஆகும். அவ்வாறே மாவு என்பதோடு ஓவர் சேர்ந்து ‘மாவோவர்’ ஆயிற்று. மறுமுனையில் இருந்தவர் அதைப் பிரித்து எழுதினார். மாவோ, ஓவர்.

மறுநாள் காலை எட்டு மணிக்குப் பட்டறை வாசலில் ஜீப் நின்றது. இன்ஸ்பெக்டர் கர்ணன் இறங்கினார்.

“ஏலே, பொன்னுராசு யாருடா இங்கன?”

“நாந்தான் சார்.”

“செலைக்கு மாவோன்டு பேரு வச்சது நீதானா?”

பொன்னுராஜின் கையிலிருந்த வெல்டிங் கம்பி கிரில்லோடு ஒட்டிக்கொண்டது. “மாஉன்டுதான் சார் வச்சேன். ஆபீசுல மாவுன்டு திருத்துனாக.”

“ஓஹோ. மாவோவ மாவுன்டு மறைச்சு எழுதிக்குடுக்க ஆபீசுக்குள்ளயும் ஆளு வச்சிருக்கியா?”

எப்சிபா அடுக்களையிலிருந்து ஓடி வந்தாள். பட்டறைக்குப் பின்புறமே வீடு. “சார், மாவுன்னா மாவுதான் சார். இந்தா நேத்து நான் ஆட்டி வச்சது. நீங்களே வந்து பாருங்க.”

அது அவள் செய்த பிழை. காவல்துறையை எதையும் பார்க்க அழைக்கக்கூடாது. கர்ணன் பார்த்தார். ஒரு தூக்குவாளி நிறைய இட்லி மாவு, மாதிரிக்காக முத்திரையிட்டு எடுத்துச் செல்லப்பட்டது. பிறகு அவர் தம் கைப்பேசியில் இருந்த சின்னத்தின் படத்தை நீட்டினார். “இந்தக் கொக்கி என்னது?”

“ஹம்சான்டு ஒரு எழுத்து சார்.”

“எனக்கு அருவா மாதிரி தெரியுது. அருவா இருந்தா சுத்தியல் இருக்கணும். எங்கடா சுத்தியல்?”

பட்டறையில் ஏழு சுத்தியல்கள் இருந்தன. ஏழும் கைப்பற்றப்பட்டன. பட்டியலில் கர்ணன், ‘சின்னத்தின் விடுபட்ட பாகம்’ என்று எழுதினார்.

“ஏழு சுத்தியல் எதுக்கு?”

இந்தக் கேள்விக்கு மௌனமே சிறந்த விடை. ஆனால் அஞ்சியவன் விளக்குவான். பொன்னுராஜ் விளக்கினார். “ஏழுங்கறது சும்மா சார். கணக்குக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல. எழுத்துக்குத்தான் ஏழு புள்ளி.”

கர்ணன் நிமிர்ந்தார். செய்தித்தாள்களில் ‘முக்கியப் புள்ளி பிடிபட்டார்’ என்று படித்துப் படித்துப் பதவி உயர்வைக் கனாக் காண்பவர் அவர். “ஏழு புள்ளியா? நீ ஒரு புள்ளி. மத்த ஆறு புள்ளி எங்கன இருக்கு?”

“சார், அது பேனாவால வைக்கிற...”

“தலைமைப் புள்ளி சார்சாவுல இருக்கோ?”

கடைசியில் கர்ணன் குரலைத் தணித்துக்கொண்டார். “இந்தா பாரு. இப்பக்கி ஒன்னய விட்டுட்டுப் போறேன். குழு போடப்போறாக. அது எழுத்துதான், இன்ன எழுத்துதான்டு குழு சொல்லிருச்சுன்னா, ஒரு வருசத்துக்கு சாமீனுன்டு ஒரு பேச்சே கெடயாது. ஒம் பொண்டாட்டி பெரிய செயிலு வாசல்ல மனுப்போட்டுத்தான் ஒன்னயப் பாக்கணும். ஊரவிட்டு எங்கயும் போயிராத.”

அன்று தொடங்கி அந்த ஒரு வினாவே பொன்னுராஜின் உணவும் உறக்கமும் ஆயிற்று: அது எழுத்தா, இல்லையா? எழுத்தென்றால் சிறை, இல்லையென்றால் வீடு. தாம் செய்த ஒரே நல்ல எழுத்து எழுத்தே அன்று என்று முடிவாக வேண்டுமென, அவர் முழந்தாளிட்டு வேண்டிக்கொண்டார்.

எப்சிபா ஒரு பையில் இரண்டு கைலி, துண்டு, வேதாகமம், பேதி மாத்திரை ஆகியவற்றை வைத்துக் கதவருகே மாட்டினாள். “என்னத்துக்கு இப்பவே?” என்றார் அவர். “கூட்டிட்டுப் போறப்ப எடுத்துவைக்க விடமாட்டாகளாம். பக்கத்து வீட்ல சொன்னாக,” என்றாள். அதன்பின் ஜீப் ஓசை கேட்கும்போதெல்லாம் இருவர் கண்களும் பையின்மீது போய் நின்றன. பால் வண்டியின் இஞ்சினும் ஜீப்பின் இஞ்சினும் தொலைவில் ஒன்றுபோலவே ஒலிக்கும் என்பதை அந்த வாரத்தில்தான் அறிந்தார்கள். பொன்னுராஜ் கண்ணில் பட்ட எழுத்தையெல்லாம் சோதிக்கத் தொடங்கினார். ‘பொன்னுராஜ் கிரில் ஒர்க்ஸ்’ என்ற தம் பலகையை ஏணி வைத்து இறக்கி, அதில் இரண்டு உயிரெழுத்து அருகருகே நிற்கவில்லை என்பதை இருமுறை சரிபார்த்தார். பிறகு அதுவும் போதாதென்று முழுப் பலகைக்கும் வெள்ளை அடித்து மாட்டினார். கேட்டும் கிரில்லும் வாங்க வந்தவர்கள், கடை விற்பனைக்கா என்று கேட்டார்கள்.

இதற்கிடையே காவல் நிலையத்தின் சான்றுப்பொருள் அறையில், முத்திரையிட்ட தூக்குவாளி மூன்றாம் நாள் தன் கடமையைச் செய்தது. புழுக்கத்தில் மாவு பொங்கி மூடி தெறித்தது. அருகில் இருந்த கருத்தக்கண்ணன் தரையில் குப்புறப் படுத்துக்கொண்டார். ‘கைப்பற்றப்பட்ட பொருள் தானாக வெடிக்கும் இயல்புடையது; நெடி புளிப்பு’ என்று கோப்பில் ஒரு பக்கம் சேர்ந்தது. அந்தப் பக்கத்தைப் பற்றிக் கேள்விப்பட்ட நாள் முதல் பொன்னுராஜ் இட்லி உண்பதை விட்டார்.

குழு அமைக்கப்பட்டது. அதன் பெயர், ‘பொதுவிட எழுத்து மெய்ம்மை அறியும் குழு’. தலைவர், பேரூராட்சிச் செயல் அலுவலர் வைகுண்டராஜ். உறுப்பினர், கர்ணன். செயலர், பிச்சைமணி. முதல் கூட்டத்தில் அவர்கள் ஓர் அடிப்படைச் சிக்கலைக் கண்டறிந்தார்கள். தடைசெய்யப்பட்ட எழுத்தைப் படிப்பது குற்றம். அது தடைசெய்யப்பட வேண்டியதா என்பது படித்தால்தான் தெரியும். எனவே, படிக்கலாமா என்று முடிவாகும்வரை எவரும் அதைப் பார்க்கக்கூடாது என்று தீர்மானமாயிற்று. ஏலக்காய்ச் சாக்குகளைத் தைத்துச் சின்னத்தைத் தலைமுதல் கால்வரை மூடினார்கள். இரண்டு காவலர்கள் சின்னத்துக்கு முதுகைக் காட்டி நிறுத்தப்பட்டார்கள்; காற்றில் சாக்கு விலகினாலும் அவர்கள் திரும்பிப் பார்க்கக்கூடாது. குழுவின் மேசையில் சின்னத்தின் புகைப்படம் குப்புறக் கவிழ்த்து வைக்கப்பட்டது.

அதுவரை அந்தச் சின்னத்தை ஏறிட்டுப் பார்க்காத ஊர், மூடியதும் கூட்டம் கூட்டமாக வந்து பார்த்தது. தொட்டிச் சுவரில் கொய்யாப்பழக் கூடை வைத்திருந்த மொக்கம்மாள் காவலர்களிடம் கேட்டாள்: “ஏய்யா, தண்ணி வராத பைப்புக்குக் கோமணம் கட்டி, அதுக்கு ரெண்டு போலீசு காவலா? அது ஓடியா போயிரும்?”

“ஆத்தா, பேசாமப் போ. உள்ள பயங்கரமான எழுத்து இருக்கு.”

“எனக்குத்தான் படிக்கத் தெரியாதேய்யா. நான் பாக்கலாம்ல?”

காவலர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இந்த ஐயம் மேலிடத்துக்கு எழுதிக் கேட்கப்பட்டது. விடை இன்னும் வரவில்லை.

இரண்டாம் கூட்டத்துக்குப் பொன்னுராஜ் அழைக்கப்பட்டார். பேரூராட்சி மன்றக் கூடம். வாசலில் பையோடு எப்சிபா நின்றாள். வைகுண்டராஜ் எழுந்து நின்று, எதிரில் நூறு பேர் இருப்பதுபோல் தொடங்கினார்.

“எழுத்து என்பது அரசின் உடைமை. அரசு எழுதும், பொதுமக்கள் நிரப்புவார்கள். அதற்காகத்தானே கோடிட்ட இடங்களை விட்டு வைத்திருக்கிறோம்? இவர் கோடிட்ட இடத்துக்கு வெளியே, ஆகாயத்தில் எழுதியிருக்கிறார். என் இருபத்தாறு ஆண்டுப் பணியில் நான் ஒரு கோப்பையும் படித்ததில்லை. படித்திருந்தால் ஒன்றிலும் கையொப்பமிட்டிருக்க முடியாது. படிக்காமல் நிர்வாகம் செய்வது எவ்வளவு கடினம் என்பதைப் பொதுமக்கள் உணர வேண்டும். நமக்குத் தேவை உண்மை. அந்த உண்மை எதுவாக இருக்க வேண்டும் என்பதை மேலிடம் தெரிவித்ததும், நாம் அதை நடுநிலையோடு கண்டறிவோம்.”

பிச்சைமணி ஒற்றுப் பிழையின்றி எழுதிக்கொண்டார்.

படிக்கத் தெரிந்த ஒருவரைக் கொண்டு படிக்கச் செய்வது, படித்த குற்றம் குழுவைச் சேராமல் பார்த்துக்கொள்வது என்று ஏற்பாடு. உத்தமபாளையத்திலிருந்து சிக்கந்தர் ராவுத்தர் வரவழைக்கப்பட்டார். நாற்பது ஆண்டுகள் அரபி கற்பித்து ஓய்வு பெற்றவர். வெயிலில் பேருந்தில் நின்றுகொண்டே வந்திருந்தார். புகைப்படத்தை அவர் பக்கமாக நிமிர்த்தி, குழுவினர் மூவரும் சுவரைப் பார்த்துத் திரும்பி அமர்ந்தார்கள்.

பொன்னுராஜ் ராவுத்தரின் முகத்தைப் பார்த்தார். அந்த முதியவரின் உதடுகளில்தான் அவருடைய ஓராண்டு இருந்தது. ராவுத்தர் படத்தை நெடுநேரம் பார்த்தார். முகம் மலர்ந்தது. “மாஷா அல்லா. அலிஃபு என்னமா நிக்கிது! யாரு செஞ்சது, நீங்களா தம்பி?”

“பாய், வேற பேச்சு வேணாம்,” என்றார் கர்ணன், சுவரிடம். “என்ன எழுதியிருக்கு? அத மட்டும் சொல்லுங்க.”

“தண்ணி.”

“ஏலே, பாய்க்குத் தண்ணி கொண்டா.”

ஒரு குவளை நீர் வந்தது. வெயிலில் வந்தவர்; குடித்தார். “இப்பச் சொல்லுங்க. என்ன எழுதியிருக்கு?”

“தண்ணிதாங்க.”

“இன்னொரு குவளை கொண்டாடா.”

மறுப்பது மரியாதை அன்று என்று ராவுத்தர் அதையும் குடித்தார். மூன்றாவது குவளை வந்தபோது அவர் கை கூப்பினார். “வயிறு நெறஞ்சிருச்சு சார். நான் குடிக்கக் கேக்கல. எழுதியிருக்கதச் சொன்னேன்.”

பிச்சைமணி குறுக்கிட்டார். “பாய், தண்ணின்டு எழுத முடியாது. அது பேச்சு வழக்கு. கூட்ட நடவடிக்கை செந்தமிழ்ல இருக்கணும்.”

“அப்ப நீர்ன்டு எழுதிக்கங்க.”

பொன்னுராஜ் கண்களை மூடிக்கொண்டார். எழுத்து என்றாகிவிட்டது. இன்ன எழுத்து என்றும் ஆகிவிட்டது. வாசலில் எப்சிபா பையைத் தோளுக்கு மாற்றிக்கொள்ளும் ஓசை கேட்டது.

விதிப்படி, எழுதியதைச் செயலர் தலைவருக்குப் படித்துக்காட்ட வேண்டும். பிச்சைமணி எழுந்து, வைகுண்டராஜின் முகத்தை நேராகப் பார்த்து, திருத்தமாகப் படித்தார்: “வினா: அச்சின்னத்தில் மறைவாகக் குறிக்கப்பட்டிருப்பது யாது? விடை: நீர்.”

வைகுண்டராஜ் விழித்தார். “யாரு, நானா?”

“நீர் என்றுதான் சாட்சி கூறியிருக்கிறார், அய்யா.”

“நானா? மாவோ செலையில எம் பேரா?”

பிச்சைமணி மனிதர்களிடம் இரக்கம் காட்டுவார், இலக்கணத்தில் காட்டமாட்டார். “நீர் என்பது பெயர்ச்சொல்லாகவும் வரும், முன்னிலைச் சொல்லாகவும் வரும், அய்யா. இடம் நோக்கிப் பொருள் கொள்ள வேண்டும்.”

“இப்ப எடம் என்ன?”

“தாங்கள் எனக்கு முன்னிலையில் இருக்கிறீர்கள்.”

கர்ணன் தம் நாற்காலியை ஒரு சாண் அளவு நகர்த்தி, வைகுண்டராஜைப் புதிதாகப் பார்ப்பவர்போல் பார்த்தார். சட்டைப்பையிலிருந்து குறிப்பேட்டை எடுத்தார். “ஏழு புள்ளின்டு ஏற்கனவே ஒரு தகவல் இருக்கு,” என்று மெதுவாகச் சொன்னார். “ஆபீசுக்குள்ள ஒரு ஆளு இருக்குன்டும் இருக்கு.”

பொன்னுராஜ் தம்முடைய அச்சத்தை முதன்முறையாக வெளியிலிருந்து பார்த்தார். அது வைகுண்டராஜின் முகத்தில் ஏறிக்கொண்டிருந்தது: முதலில் மேலுதட்டில் வேர்வை, பிறகு காதுமடலில் வெளுப்பு, பிறகு வாசலைத் தேடும் கண்கள். பழகிய வழிதான். தம்மிடமிருந்து இறங்கிப் போய்விட்டதா என்று உள்ளே துழாவிப் பார்த்தார். போகவில்லை. அது இரண்டு பேருக்கும் போதுமானதாக இருந்தது.

இருபத்தாறு ஆண்டுப் பணி வீண்போகவில்லை. வைகுண்டராஜ் முக்கால் நிமிடத்தில் தெளிந்தார்.

“சாட்சி சொன்னது செல்லாது. ஏனெனில் அங்கே எழுத்தே இல்லை. எழுத்து இல்லாத இடத்தில் படிப்பது எப்படி? எழுதிக்கொள்ளும், பிச்சைமணி. குழு நன்கு ஆராய்ந்து, மேற்படிப் பொருள் எழுத்து அன்று, வளைந்த இரும்பு மட்டுமே என ஒருமனதாக முடிவு செய்கிறது. கர்ணன் சார், ஒருமனதுதானே? மாவு வெடித்த கோப்பு என் கையொப்பத்துக்கு வந்திருக்கிறது. காவல் நிலையத்தில் அந்த நேரத்தில் படுத்துக்கிடந்தவர் யார் என்று ஒரு விளக்கம் கேட்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.”

கர்ணன் குறிப்பேட்டை மூடினார். “ஒருமனசுதான்.”

பொன்னுராஜின் காதில் ஒரு சொல் மட்டும் விழுந்தது: அன்று. எழுத்து அன்று. அவருக்கு அழுகை வந்தது. வெளியே எப்சிபா சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்லக் கீழே அமர்ந்தாள்.

“ஆயினும்,” என்றார் வைகுண்டராஜ். எந்தத் தீர்ப்பும் இந்தச் சொல் இல்லாமல் முடிவதில்லை. “எழுத்துபோல் தோன்றுவதையும் தவிர்க்க வேண்டும். நாளைக்கு இன்னொரு ராவுத்தர் வந்து வேறு எதையாவது படிப்பார். இதில் ஒரு கம்பியைச் சேர்த்துவிட்டால் எவராலும் ஒன்றும் படிக்க முடியாது.” புகைப்படத்தைத் தம் பக்கம் திருப்பி, முதன்முறையாகப் பார்த்தார். சிவப்புப் பேனாவை எடுத்து, வட்டத்தின் வலப்பக்கத்து வெற்றிடத்தில், மடக்கிய முழங்கைபோல் ஒரு வளைவு வரைந்தார். “இங்கன. இதே மாதிரி.”

பொன்னுராஜ் எட்டிப் பார்த்தார். சார்ஜாவில் அவர் அந்த வளைவை எத்தனையோ முறை வளைத்திருக்கிறார். அது தால் என்னும் எழுத்து. அவர் வளைத்து அறிந்த சொற்களில், இதே வட்டத்துக்கும் தண்டுக்கும் கொக்கிக்கும் முன்னால் அந்த எழுத்து நின்ற சொல் ஒன்றும் உண்டு. முன்னால் தால் வந்தால் மாஉ, திமாஉ ஆகும். நீர் போய் இரத்தம் வரும். ஊரின் நடுவே, பத்தடி உயரத்தில், எவர்சில்வரில், இரத்தம்.

அவர் வாயைத் திறந்தார்.

“மறுப்பு ஏதும் உண்டா?” என்றார் வைகுண்டராஜ். “மறுப்பு இருந்தால் சொல்லலாம். குழுவின் காலம் ஆறு மாதம் நீட்டிக்கப்படும். அதுவரை நீர் இன்ஸ்பெக்டரின் பொறுப்பில் இருக்கலாம்.”

“ஒண்ணும் இல்லீங்கய்யா,” என்றார் பொன்னுராஜ்.

சனிக்கிழமை காலை சாக்குகளை அவிழ்த்தார்கள். காவலர்கள் அப்போதும் முதுகைக் காட்டியே நின்றார்கள். திரும்பலாம் என்று எழுத்து மூலமான உத்தரவு வரவில்லை. பொன்னுராஜ் ஏணியில் ஏறி, வரைபடத்தில் கண்டபடி, கண்ட இடத்தில், அந்த வளைவைப் பற்றவைத்தார். முதல் பற்று கோணிற்று. கோணலாகவே விட்டுவிடலாம், விட்டால் ஒருவேளை படிக்க முடியாமல் போகும். ஆனால் இருபத்தைந்து ஆண்டுப் பழக்கம் கையில் இருந்தது. உடைத்துவிட்டு மீண்டும் வைத்தார். எழுத்து குற்றமின்றி அமைந்தது.

மாலையில் வைகுண்டராஜ் ஒலிபெருக்கி முன் நின்றார். “இந்தச் சின்னத்தில் ஒன்றும் எழுதப்படவில்லை என்பதை இப்பேரூராட்சி பெருமையோடு அறிவித்துக்கொள்கிறது. ஒன்றும் எழுதாத சின்னம் தமிழ்நாட்டில் வேறெங்கும் இல்லை!” கூட்டம் கைதட்டியது. மொக்கம்மாள் மட்டும், “அப்ப இனிமே எல்லாரும் பாக்கலாமா?” என்று கேட்டாள்.

பொன்னுராஜும் கைதட்டினார். தட்டிக்கொண்டே கூட்டத்துக்குள் ஒவ்வொரு முகமாகத் தேடினார். கம்பத்தில் அரபி ஓதத் தெரிந்தவர்கள் எத்தனை பேர், உத்தமபாளையத்தில் எத்தனை பேர், வளைகுடாவிலிருந்து விடுப்பில் வந்தவர்கள் எத்தனை பேர் என்று நெஞ்சு தானாக எண்ணிக்கொண்டிருந்தது.

அப்போது உத்தமபாளையம் பேருந்திலிருந்து சிக்கந்தர் ராவுத்தர் இறங்கினார். சின்னத்தைப் பார்த்துச் சிரித்த முகத்தோடு நடந்து வந்தார். பாதி வழியில் நின்றார். அவருடைய பார்வை வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கமாக ஒருமுறை மெல்ல நகர்ந்தது. உதடுகள் அசைந்தன. மீண்டும் ஒருமுறை வலமிருந்து தொடங்கினார். இம்முறை உதடுகளை இறுக மூடிக்கொண்டே படித்தார்.

பொன்னுராஜ் கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவரிடம் ஓடினார். “பாய்...”

ராவுத்தர் இருபுறமும் பார்த்தார். காவலர்களின் முதுகைப் பார்த்தார், மேடையைப் பார்த்தார்.

“கண்ணாடியக் கொண்டாரல தம்பி,” என்றார்.

சொல்லிவிட்டு, மூக்கில் சரிந்த கண்ணாடியை விரலால் மேலே தள்ளிக்கொண்டு, எந்த ஊருக்குப் போகிறது என்றும் பாராமல், முதலில் வந்து நின்ற பேருந்தில் ஏறினார்.